வேலையில் சேர்ந்து ஏழு மாதம்: ஐந்தாண்டு இலக்கு என்று எதை எழுதுவது?

உசிலைப் பக்கம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள ஒரு கிராமம் என்னுடையது. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, மதுரையை அடுத்த கப்பலூர்ப் பக்கம் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பயிற்சியாளராகச் சேர்ந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. வயது இருபத்தொன்று. எந்திரத்திலிருந்து வரும் பாகங்களை வெர்னியரிலும் மைக்ரோமீட்டரிலும் அளந்து பதிவேட்டில் எழுதுவதும், அளவு தப்பியவற்றைச் சிவப்புப் பெட்டியில் போடுவதுமே இப்போதைய என் வேலை.

சென்ற வாரம் பணியாளர் பிரிவிலிருந்து ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘அடுத்த ஐந்து ஆண்டுகளில் எந்த நிலையை அடைய விரும்புகிறீர்கள், அதற்கான இலக்குகள் யாவை’ என்று கேட்டு, கீழே நான்கு வரிக்கு ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள். மாத இறுதிக்குள் தர வேண்டும். அந்த நான்கு வரியை நிரப்ப முடியாமல் ஒரு வாரமாகத் தவிக்கிறேன்.

தோட்ட வேலையிலேயே முதுகு தேய்ந்த என் தந்தை, குரூப் 4 எழுதி ஓர் அரசு வேலையில் உட்கார்ந்துவிட்டால் போதும் என்கிறார். ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் தாய்மாமன், சென்னைப் பக்கம் வந்தால் சம்பளம் கிட்டத்தட்ட இருமடங்கு என்கிறார். உடன் படித்த நண்பன் மென்பொருள் படித்துக்கொண்டு இத்துறையை விட்டே போய்விடு என்கிறான். மூவர் சொல்வதும் எனக்குச் சரியாகவே படுகிறது, சிக்கலே அதுதான். படிவத்தில் பெரிய பதவியின் பெயரை எழுதினால் அதிகப்பிரசங்கி என்பார்களோ, எழுதாவிட்டால் ஊக்கமில்லாதவன் என்பார்களோ என்றும் தயக்கமாக இருக்கிறது. வேலைக்குள் நுழைந்த முதல் ஆண்டில் ஒருவன் எதை இலக்காக வைத்துக்கொள்வது நியாயம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பழைய ஃபோர்மேன்

தம்பி, முப்பத்தோரு ஆண்டுகள் தொழிற்சாலைகளில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் எழுதுகிறேன். சற்று நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வயதில் எனக்கும் ஓர் இலக்கு இருந்தது. எங்கள் பட்டறையில் ஃபோர்மேனுக்கு மட்டும் கண்ணாடி போட்ட தனி அறையும் மின்விசிறியும் உண்டு என்பதால், ஃபோர்மேன் ஆவது என்று முடிவு செய்தேன். பன்னிரண்டு ஆண்டுகளில் ஆகியும் விட்டேன். அந்த அறைக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான், யார் எந்த ஷிஃப்டுக்கு வருவது, யாருக்கு விடுப்பு, யாரை யாரோடு ஒரே லைனில் போடக்கூடாது என்பதைச் சமாளிப்பதிலேயே அந்த வேலையின் பெரும்பகுதி கழிகிறது என்று தெரிந்தது. எனக்குப் பிடித்தது டை செட்டிங் (அச்சுகளை எந்திரத்தில் பொருத்திச் சரிசெய்யும் வேலை); அதைத் தொட்டுப் பார்க்கவும் நேரமில்லாமல் போயிற்று. அந்தப் பதவியில் இருந்தவர் காலையிலிருந்து மாலைவரை என்ன செய்கிறார் என்று ஒரு நாளாவது கவனித்திருந்தால் நான் வேறு பாதையைக் கேட்டு வாங்கியிருப்பேன்.

ஆகவே படிவத்தைத் தொடுவதற்கு முன்பு, உங்கள் பிரிவில் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் சேர்ந்த ஒருவரையும் பத்து ஆண்டுகளுக்கு முன் சேர்ந்த ஒருவரையும் ஒரு வாரம் கவனியுங்கள். அவர்களுடைய நாள் எதில் கழிகிறது, எதற்காக அவர்களைத் தேடி ஆள் வருகிறது, எதைப் பற்றிப் பேசும்போது அவர்கள் முகம் சுளிக்கிறது என்று பாருங்கள். தேநீர் இடைவேளையில் கேட்டால் பெரும்பாலும் ஒளிக்காமல் சொல்வார்கள்.

அடுத்தது உங்கள் சிவப்புப் பெட்டி. அதைக் குப்பைத் தொட்டியாக நினைக்க வேண்டாம். நான் தொழில் கற்றதே அதில்தான். வெர்னியர் 0.02 மில்லிமீட்டரும் மைக்ரோமீட்டர் 0.01 மில்லிமீட்டரும் காட்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால், வரைபடத்தில் டாலரன்ஸே (அளவு கூடக் குறைய இருக்க அனுமதிக்கும் எல்லை) 0.02 என்று இருக்கும் ஓர் அளவை வெர்னியரால் அளந்து ‘சரி’ போடக்கூடாது என்பதையும், ஏன் என்பதையும் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. கடைசல் வேலையில் இன்செர்ட்டின் (வெட்டும் கருவியில் பொருத்தி, தேய்ந்ததும் மாற்றும் சிறு துண்டு) முனை தேயத் தேய, பாகத்தின் வெளிவிட்டம் சிறிது சிறிதாகக் கூடிக்கொண்டே வரும். பிடிமானம் தளர்ந்திருந்தால் அளவு ஒரு திசையில் போகாமல் மேலும் கீழுமாகச் சிதறும். நீங்கள் எழுதி மூடிவைக்கும் பதிவேட்டில், ஒரே ஷிஃப்டின் அளவுகளை வரிசையாகப் பார்த்தாலே இந்த வேறுபாடு கண்ணில் படும். உங்கள் பிரிவில் திரும்பத் திரும்ப வரும் ஒரே ஒரு குறையை எடுத்துக்கொண்டு அதன் காரணம்வரை தொடர்ந்து போவதை முதல் ஆண்டின் இலக்காக வையுங்கள். ஐந்தாவது ஆண்டைப் பற்றி எழுத அதற்குப் பிறகு தானாகவே விஷயம் கிடைக்கும்.

புதூர் வாசகி

உங்கள் தந்தை சொன்னதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், தம்பி. அந்தப் பாதையில் நான்கு ஆண்டுகள் நடந்தவள் நான்.

தேர்வு எழுதியதில் எனக்கு வருத்தமில்லை. எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே முடிவு செய்யாததில்தான் வருத்தம். ஒவ்வொரு முறையும் சில மதிப்பெண்களில் தவறியது. ஒவ்வொரு முறையும் ‘அடுத்த முறை’ என்றேன். 2023இல் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்த பிறகு அங்கேயே காலையிலிருந்து இரவுவரை இருந்தேன். என்னைப் போலவே வருபவர்களைப் பார்த்துப் பழகியதில், வேலைக்குப் போகாமல் இருப்பதே இயல்பான நிலை என்று தோன்றிவிட்டது. பின்பு விளக்குத்தூண் பக்கம் ஒரு துணிக்கடையில் கணக்குப் பிரிவுக்கு விண்ணப்பித்தபோது, நான்கு ஆண்டுகள் என்ன செய்தீர்கள் என்ற ஒரே கேள்விக்கு எனக்கு வியர்த்தது.

நீங்கள் எழுதுவதாக இருந்தால் வேலையில் இருந்துகொண்டே எழுதுங்கள். குரூப் 4 தேர்வில் 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள். அதில் 100 வினாக்கள் தமிழ். அந்த 150 மதிப்பெண்களில் 60 எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்கள் தமிழ்ப் பகுதியை எளிது என்று நினைத்து விட்டுவிடுவது வழக்கமான தவறு. அத்துடன், டிப்ளமோ, ஐடிஐ படித்தவர்களுக்காகவே தேர்வாணையம் ஒருங்கிணைந்த தொழில்நுட்பப் பணிகள் தேர்வை நடத்துகிறது. ஏற்கெனவே படித்த பாடம் அதில் உதவும் என்பதால், எல்லோரும் முட்டி மோதும் தேர்வோடு அதையும் பாருங்கள். தேர்வாணையம் வெளியிடும் ஆண்டுத் திட்டத்தை எடுத்துவைத்துக்கொண்டு, எந்தெந்தத் தேர்வு, எத்தனை முறை, எந்த மாதத்தோடு நிறுத்துவது என்று தந்தையிடம் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். தோற்ற பிறகு பேசினால் பேச்சு அழுகையில்தான் முடியும். எங்கள் வீட்டில் அப்படித்தான் முடிந்தது.

பணியாளர் பிரிவு

இத்தகைய படிவங்களைப் படிப்பதே என் வேலை (உங்கள் நிறுவனத்தில் அல்ல). உண்மையைச் சொல்வதானால், ஐந்து ஆண்டுகள் கழித்து அந்தத் தாளை எடுத்து ‘சொன்னபடி ஆனாயா’ என்று எவரும் கேட்பதில்லை. அது பயன்படும் இடம் வேறு. யாரை எந்தப் பயிற்சிக்கு அனுப்புவது, பயிற்சிக்காலம் முடியும்போது யாரைத் தக்கவைப்பது என்று பட்டியல் போடும் நாளில் அது மேசைக்கு வரும். ‘உயர்ந்த நிலையை அடைய விரும்புகிறேன்’ என்று நூறு பேர் எழுதியிருப்பார்கள். அதை வைத்துக்கொண்டு நாங்கள் எதுவும் செய்ய முடியாது. ‘சிஎம்எம் எந்திரத்தில் புரோகிராம் எழுதக் கற்க வேண்டும்’ என்று (சிஎம்எம் என்பது பாகங்களைக் கணினி வழியாகத் துல்லியமாக அளக்கும் எந்திரம்) ஒருவர் எழுதியிருந்தால், அடுத்த பயிற்சிக்கு ஆள் கேட்கும்போது அவர் பெயர் நினைவுக்கு வரும். ஆகவே அதிகப்பிரசங்கி என்ற பயமே வேண்டாம். தெளிவாகக் கேட்பவரை யாரும் அப்படி நினைப்பதில்லை.

நிறுவனம் தானாகச் சொல்லாத ஒன்றை நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: உங்கள் ஆலையில் டிப்ளமோவோடு சேர்ந்தவர்கள் இதுவரை எந்தப் பதவிவரை போயிருக்கிறார்கள்? சில இடங்களில் மேலாளர்வரை போயிருப்பார்கள். சில இடங்களில் பொறியியல் பட்டம் இல்லாவிட்டால் ஒரு படியோடு கதவு மூடியிருக்கும். மூடியிருந்தால், டிப்ளமோக்காரர்கள் பி.இ. படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதை இப்போதே கணக்கில் கொள்ளுங்கள். இருபத்து மூன்று வயதில் எடுக்கக்கூடிய அந்த முடிவை, குடும்பம் குழந்தை என்று ஆன பிறகு எடுப்பது மிகக் கடினம்.

சம்பளம் இருமடங்கு என்று மாமா சொன்னதில் வாடகை, சாப்பாடு, ஊருக்கு வந்துபோகும் செலவு ஆகியவற்றைக் கழித்துவிட்டுப் பாருங்கள். ஒருவேளை மாறினாலும் வருங்கால வைப்புநிதியைக் கையில் வாங்கிச் செலவழித்துவிடாமல், அதே யுஏஎன் எண்ணில் (வேலை மாறினாலும் மாறாத வைப்புநிதி எண்) புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அடிப்படைச் சம்பளத்தில் நீங்கள் கட்டும் 12 விழுக்காட்டோடு நிறுவனமும் கட்டுகிறது; நிறுவனப் பங்கின் ஒரு பகுதி ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. அதில் மாத ஓய்வூதியம் பெறப் பத்து ஆண்டுச் சேவை வேண்டும். முதல் வேலையின் பணத்தை எடுத்து பைக் வாங்கியவர்கள் அந்த ஆண்டுகளைப் பிறகு தேடுகிறார்கள்.

கூடல்நகர்

எல்லோரும் இலக்கைச் சிறிதாக்கச் சொல்கிறீர்கள்; எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. நம் ஊர் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி, முதலில் மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்றுதான் எண்ணியிருந்தார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகு கண் மருத்துவத்துக்கு மாறி, அந்த விரல்களாலேயே அறுவை செய்யப் பழகிக்கொண்டார். அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கினார். துறை மாறியது, எண்ணம் மாறவில்லை. அப்படி மாறாத ஒன்று உங்களிடம் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்க்கலாமே.

பெரியவரின் கதையை இருபத்தொரு வயதுப் பையனிடம் சொல்லி என்ன பயன் என்று மேலே எழுதிய ஃபோர்மேன் ஐயா கேட்கக்கூடும். நியாயந்தான். எனவே சிறிய அளவில் ஒன்றைக் கேட்கிறேன்: நீங்கள் ஊரோடு இருக்க விரும்புகிறீர்களா? நம் பிள்ளைகளில் பலருக்கு உண்மையான இலக்கு அதுதான். ஆனால் வெளியில் சொன்னால் சோம்பேறி என்று பெயர் வரும் என்பதால் வேறு எதையோ சொல்கிறார்கள். ஊரோடு இருப்பதும் ஓர் இலக்கே. அதற்குரிய விலை, வேலை மாற வாய்ப்புள்ள ஆலைகள் இங்கே குறைவு என்பது. ஆகவே இங்குள்ள நான்கைந்து ஆலைகளுக்கும் தேவைப்படும் ஒரு திறமையை இரண்டு மூன்று ஆண்டுகளில் கையில் வைத்திருக்க வேண்டும்.

உசிலைப் பக்கம்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. கூடல்நகர் அண்ணன் கேட்டதற்கு உண்மையான பதில், ஆம். தந்தைக்கு முதுகு வலி இருப்பதால் நான் ஊரோடு இருக்கவே விரும்புகிறேன். அதை எழுத்தில் இப்போதுதான் முதன்முறையாகச் சொல்கிறேன்.

விசாரித்ததில், எங்கள் ஆலையில் டிப்ளமோவோடு வந்தவர்களில் ஒருவர் மட்டும் முதுநிலைப் பொறியாளர் ஆகியிருக்கிறார். அவரும் வேலையில் இருந்துகொண்டே பட்டம் முடித்தவராம். மற்றவர்கள் அதற்குக் கீழேயே நின்றுவிட்டார்கள். பட்டம் குறித்து அடுத்த ஆண்டு மே மாதத்துக்குள் முடிவு செய்வதாக என் நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன், படிவத்தில் எழுதவில்லை. மென்பொருள் எனக்கு நண்பனின் ஆசையாகவே படுகிறது, விட்டுவிட்டேன். தந்தையிடம் பேசினேன். தொழில்நுட்பத் தேர்வு இரண்டு முறை, குரூப் 4 இரண்டு முறை, அதற்குமேல் இல்லை என்று ஒப்புக்கொண்டார். மூன்றாவது முறையும் எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று இடையில் ஒருமுறை கேட்டுப் பார்த்தார்.

படிவத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘வரைபடங்களிலுள்ள வடிவ டாலரன்ஸ் குறிகளைப் பிறர் உதவியின்றிப் படிக்க வேண்டும். சிஎம்எம் எந்திரத்தை இயக்கவும் புரோகிராம் எழுதவும் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். இரண்டாம் லைனில் வெளிவிட்டம் கூடுவதால் வரும் ரிஜெக்ஷனின் காரணத்தைக் கண்டறிந்து குறைக்க வேண்டும்.’ நான்காவது வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். சரியா?

இன்னொன்று. ஃபோர்மேன் ஐயா சொன்னபடி பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். காலை ஆறு மணியிலிருந்து அளவு மெதுவாக ஏறி, பதினொரு மணிவாக்கில் திடீரென்று பழைய இடத்துக்கே இறங்கிவிடுகிறது. மூன்று நாட்களாக அப்படியே இருக்கிறது.

பழைய ஃபோர்மேன்

அது இன்செர்ட் மாற்றிய நேரமாக இருக்கும், தம்பி. எத்தனையாவது பாகத்தில் மாற்றினார்கள் என்று ஆபரேட்டரிடம் கேட்டு, அந்த எண்ணிக்கையையும் பக்கத்தில் குறித்துவாருங்கள். இரண்டு வாரக் கணக்கு சேர்ந்ததும் சூப்பர்வைசரிடம் காட்டுங்கள். ஆபரேட்டரைக் குறை சொல்வது போலக் காட்ட வேண்டாம். மாற்ற வேண்டிய எண்ணிக்கையை அவருக்கு யாரும் சொல்லியே இருக்க மாட்டார்கள்.

படிவத்தில் ‘கற்றுக்கொள்ள விரும்புகிறேன்’ என்ற இடத்தில் மட்டும் ஒரு மாதத்தைப் போடுங்கள். நான்காவது வரி காலியாகவே இருக்கட்டும்.