போன்சாய் தோப்பு: இப்பவே மாத்தலாமா, ஆடி வரை பொறுக்கவா?

வணக்கம். மதுரையில மொட்டை மாடித் தோட்டம். தனித்தனித் தொட்டியில 4 வருஷமா வளர்த்த 7 ஃபைக்கஸ் மைக்ரோகார்ப்பாவை (ஆல மரத்தோட இனம், போன்சாயா குட்டையா வளர்க்கிறது) ஒரே தட்டுல சின்னத் தோப்பா வைக்க ஆசை. நேத்து ஒண்ணை உருவிப் பார்த்தேன். வேர் வட்டமா சுருண்டு, மண்ணே கண்ணுக்குத் தெரியல.

வெப்பமண்டல மரம், சூடு இருந்தாத்தான் வேர் சீக்கிரம் பிடிக்கும், சரி. ஆனா கத்திரி வெயில்ல ரெண்டு அங்குல ஆழத் தட்டு மதியத்துக்குள்ள காஞ்சிடுமே! நிழல்வலை கட்டி இப்பவே மாத்தவா, ஆடி வரை விடவா? முன்னாடி மார்கழியில அவசரப்பட்டு ஒண்ணை மாத்தி, இலையெல்லாம் கொட்டி, தை முழுக்கக் குச்சியாவே நின்னுச்சு.

நெருக்கமா நடணும்னா வேர்ல மூணுல ஒரு பங்காவது வெட்டணும். அப்போ இலையையும் குறைக்கணுமா? நட்டுப் பார்த்தவங்க சொல்லுங்களேன்.