ரேடார் இல்லாத செஸ்னா 172எஸ் சிறு விமானம்: ஸ்டார்ம்ஸ்கோப்பில் பொய்ப் புள்ளிகள், உதவி தேவை

வணக்கம். ஃபுளோரிடாவின் கோடைக்கால இடிமேகங்களுக்கு நடுவே ஐஎஃப்ஆரில் (கருவிகளை மட்டும் நம்பி, மேகத்துக்குள்ளும் பறக்கும் முறை) பறக்கிறேன். விமானத்தில் ரேடார் கிடையாது, ஏடிஎஸ்-பி என்ற தரவு இணைப்பு வழி வரும் நெக்ஸ்ராட் (தரை வானிலை ரேடார்) படமும், மின்னலின் திசையைத் திரையில் புள்ளியாகக் காட்டும் ஸ்டார்ம்ஸ்கோப்பும்தான் துணை.

நெக்ஸ்ராட்டை வைத்து இரண்டு செல்லுக்கு (இடிமேகத் திரளுக்கு) இடையே நுழைவது தற்கொலை. திரை காட்டும் வயது, படம் தொகுக்கப்பட்ட நேரத்திலிருந்துதான். உள்ளே இருக்கும் தரவு சில சமயம் 15–20 நிமிடம் பழையது. அதற்குள் இடைவெளி மூடியிருக்கும். கடும் புயல் என்றால் 20 மைலாவது விலகியே போக வேண்டும். அந்த முடிவை எடுக்கத்தான் மின்னல் புள்ளிகள் தேவை. பலத்த மின்னலின் புள்ளி, அது உண்மையில் இருப்பதைவிடக் கிட்டத்தில் விழும் என்பது தெரிந்ததே, ஆனால் திசையை நம்பலாம்.

இப்போது அந்தத் திசையும் சந்தேகம். வானம் தெளிவாக இருக்கையில், தரையில் நிற்கும்போதே 2 மணி திசையில் (முன்பக்கம் வலது) புள்ளிகள் குவிகின்றன. ஸ்ட்ரோப் (பளிச்சிடும்) விளக்கை அணைத்தாலும் போகவில்லை. ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுற்றும் மின்னாக்கி) சுவிட்சை அணைத்து பேட்டரியில் ஓடவிட்டால் உடனே நின்றுவிடுகிறது. ஆல்டர்னேட்டர் ஓடும்போது எஞ்சின் ஆர்பிஎம் (சுழல் வேகம்) கூட்டினால் அதிகமாகிறது.

ஸ்டார்ம்ஸ்கோப்பின் ஆன்டெனா விமான உடலின் அடிப்பக்கம். அது உடலைத் தொடும் இடத்தில் பெயின்ட் சுரண்டி உலோகத் தொடர்பை முதலில் பார்ப்பதா, ஆல்டர்னேட்டரின் டயோடுகளையும் ஃபில்டரையும் சோதிப்பதா? ஆன்டெனாவை இடம் மாற்றியவர்கள் இருந்தால், இடத்தை எப்படித் தேர்ந்தீர்கள் என்று சொல்லுங்கள். இது தீரும்வரை இடிமேக நாளில் மேகத்துக்குள் போகும் திட்டம் இல்லை.