தொப்பூர் இறக்கத்தில் வண்டி மொத்தமாக அணைந்தது: ஆல்டர்னேட்டர்தானா?

மாந்தோப்புக்காரன், காவேரிப்பட்டணம்:

வணக்கம். 2014 மாடல் டீசல் கார், 96,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன வியாழக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணி இருக்கும். சேலம் ஜங்ஷனில் தங்கச்சியை அழைத்துவரப் போய்க்கொண்டிருந்தோம். நான், மனைவி, அம்மா. பாளையம் டோல்கேட் தாண்டி தொப்பூர் இறக்கத்தில் இறங்கி, இரட்டைப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், வேகத்தைக் குறைக்கப் போட்டிருக்கும் பட்டைக் கோடுகள் மேல் வண்டி தடதடவென்று ஏறியது. அவ்வளவுதான். ஹெட்லைட், மீட்டர், பாட்டு எல்லாம் ஒரே நொடியில் போய்விட்டது. மங்கி மங்கிப் போகவில்லை. வீட்டில் மெயின் ஸ்விட்சை இறக்கினால் எப்படி இருக்குமோ அப்படி.

பயத்தில் கிளட்சை மிதித்துவிட்டேன். ஸ்டியரிங் செக்கு மாதிரி கனத்தது. பிரேக் முதல் இரண்டு மிதிக்குப் பிடித்தது, மூன்றாவது மிதிக்குப் பெடல் கல்லாகிவிட்டது. பின்னால் வந்த லாரியின் வெளிச்சத்தில்தான் சாலை ஓரம் எங்கே என்றே தெரிந்தது. ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி இடது ஓரத்தில் நிறுத்தினேன். நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னும் ஹசார்டு பட்டனை அழுத்தினால் அதுவும் எரியவில்லை. மனைவி செல்போன் டார்ச்சைப் பின்கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆஞ்சநேயர் கோயில் எந்தப் பக்கம் என்று அம்மா கேட்டார், கும்பிடுவதற்கு. எனக்கே திசை தெரியவில்லை.

பானட்டைத் திறந்து பார்த்தேன். பார்த்து என்ன செய்ய, ஒன்றும் புரியவில்லை. ஆத்திரத்தில் ஓங்கிச் சாத்தினேன். உள்ளே கூரை விளக்கு எரிந்தது! சாவியைத் திருப்பினால் இழுத்து இழுத்து ஸ்டார்ட்டும் ஆகிவிட்டது. நாற்பதைத் தாண்டாமல் சேலம் போய்ச் சேர்ந்தோம்.

மறுநாள் ஒரு மெக்கானிக் ஆல்டர்னேட்டர் (வண்டி ஓடும்போது மின்சாரம் தயாரித்து பேட்டரியைச் சார்ஜ் செய்வது) போய்விட்டது, மாற்ற 14,000 ஆகும் என்றார். இன்னொருவர் பேட்டரியை மாற்றச் சொல்கிறார். பேட்டரி வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. இந்த வருஷம் பெங்களூரா மாங்காய் என்ன விலைக்குப் போனது என்று நம் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். யோசிக்காமல் 14,000 எடுத்துவைக்க முடியாது. இன்னொன்று, இரண்டு வாரமாகவே காலையில் செல்ஃப் சோம்பலாகத்தான் எடுக்கிறது. என்னவாக இருக்கும்?

தர்மபுரி டவுன்காரன்:

எலி. எங்கள் வண்டியிலும் இப்படித்தான், ஒயரைக் கடித்து வைத்திருந்தது. பானட்டுக்குள் புகையிலை வையுங்கள்.

லோடு வண்டி, பாலக்கோடு:

தம்பி, என்ன பழுது என்று பெரியவர்கள் யாராவது சொல்வார்கள். நான் வேறு சொல்கிறேன், கோபப்படாதே. அந்த இறக்கத்தில் நீ கிளட்சை மிதித்தது பெரிய தப்பு. டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் இறங்கிய லாரிகள் அங்கே என்ன ஆயின என்று ஊருக்கே தெரியும். கிளட்சை மிதித்தாலும் அதே கதைதான். கியரிலேயே விட்டிருந்தால் இன்ஜின் அணைந்தாலும் சக்கரம் அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும். வண்டியை அதுவே இழுத்துப் பிடிக்கும். பிரேக் மிதிக்க லேசாக இருப்பதற்கு உதவும் வாக்வமும் வந்துகொண்டிருக்கும், பிரேக்கும் கல்லாகியிருக்காது. கிளட்சை மிதித்தால் தேங்கியிருக்கும் வாக்வம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதனால் விட்டுவிட்டு மிதிக்கக் கூடாது, ஒரே மிதியாக அழுத்திப் பிடிக்க வேண்டும். பெடல் கல்லானாலும் பிரேக் செத்துவிடவில்லை. இரண்டு காலையும் வைத்து மிதித்தால் நிற்கும்.

சாவியைப் பிடுங்காமல் இருந்தாயே, அது போதும். உருவியிருந்தால் ஸ்டியரிங் லாக் விழுந்திருக்கும். நின்ற பிறகு அம்மாவையும் வீட்டுக்காரம்மாவையும் உள்ளேயே உட்கார வைத்தது அடுத்த தப்பு. இறங்கி, தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். பின்னால் ஐம்பது மீட்டர் தள்ளியாவது சிவப்பு முக்கோணம் வைக்க வேண்டும், இறக்கத்தில் இன்னும் தள்ளி. 1033 என்று ஒரு நம்பர் இருக்கிறது, தேசிய நெடுஞ்சாலைக்கு. அடித்தால் ரோந்து வண்டி வரும். அந்த இடத்தில் நிற்கும் வண்டியைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்கும், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

பழைய டைனமோ, ஓசூர்:

சார், அந்த 14,000 பையிலேயே இருக்கட்டும். பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. ஹசார்டு எரியவில்லை என்றீர்களே, அதுதான். ஆல்டர்னேட்டர் போனால் மீட்டரில் பேட்டரி விளக்கு எரியும். அப்புறமும் பேட்டரியில் இருக்கும் சார்ஜில் வண்டி ஓடும், விளக்கு மெல்ல மெல்லத்தான் மங்கும். ஹசார்டோ சாவி இல்லாமலே பேட்டரியிலிருந்து நேராக எரிவது. அது ஒரே நொடியில் செத்து, பானட்டைச் சாத்திய அதிர்ச்சியில் எல்லாமே பிழைத்து வந்தால், மின்சாரம் தீரவில்லை. வழியில் எங்கோ தொடர்பு விட்டிருக்கிறது. எலி கடித்த ஒயர் ஹெட்லைட்டை அணைக்கும், பாட்டை நிறுத்தும். மொத்த வண்டியையும் அணைத்து உடனே திருப்பித் தருவது அபூர்வம். என் சந்தேகம் எர்த் மேல், அதாவது பேட்டரியின் மைனஸிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் இணைப்பு மேல்.

மல்டிமீட்டர் இருக்கிறதா? இல்லையென்றால் முந்நூறு ரூபாய்க்குச் சாதாரணமானது போதும். 20 வோல்ட் டிசியில் வையுங்கள். வண்டி அணைந்திருக்கும்போது பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்தால் 12.4லிருந்து 12.6 வரை காட்ட வேண்டும். இன்ஜின் ஓடும்போது 13.8லிருந்து 14.4. இது சரியாக இருந்தால் ஆல்டர்னேட்டரை மறந்துவிடுங்கள்.

அடுத்ததுதான் முக்கியம். இதை நிறைய கடைகளில் செய்வதே இல்லை. ஒரு கம்பியை பேட்டரியின் மைனஸ் ஈயக் குமிழிலேயே வையுங்கள், அதன் மேல் மாட்டிய கிளாம்பில் அல்ல. இன்னொன்றை இன்ஜினின் வெறும் இரும்பில். யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஒன்று, இரண்டு என்று ஏறினால் அந்த வழியில்தான் கோளாறு. காலையில் செல்ஃப் சோம்பலாக எடுப்பதும் அதனால்தான். அப்புறம் ஒவ்வோர் இணைப்பாக நகர்ந்து பாருங்கள்: குமிழிலிருந்து கிளாம்ப், கிளாம்பிலிருந்து கேபிள் முனை, கேபிள் முனையிலிருந்து பாடி. எங்கே முள் தாவுகிறதோ அங்கே. முள் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன், உங்கள் மீட்டரில் எண்தான் வரும்.

கழற்றும்போது மைனஸை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள். பிளஸ்ஸில் ஸ்பேனர் வைத்து அது பாடியில் பட்டால் வெல்டிங் பார்க்கலாம். இன்ஜின் ஓடும்போது டெர்மினலைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கிறேன் என்று யாராவது கிளம்பினால் விடாதீர்கள். பழைய அம்பாசிடருக்கு அது சரி, கம்ப்யூட்டர் உள்ள வண்டிக்கு ஆகாது.

மாந்தோப்புக்காரன்:

ஐயா, நீங்கள் சொன்னது நடந்தே விட்டது. ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டத்து மோட்டார்காரரிடம் மீட்டர் வாங்கிப் பார்த்தேன். அணைந்திருக்கும்போது 12.5, ஓடும்போது 14.1. ஆல்டர்னேட்டர் தங்கம். மைனஸ் குமிழுக்கும் இன்ஜினுக்கும் நடுவே செல்ஃப் அடிக்கும்போது 3.1 வோல்ட்! மனைவிதான் சாவி போட்டாள், நான் கத்தியதில் பயந்துவிட்டாள்.

டெர்மினலில் பச்சை பூத்திருந்தது. சோடா உப்பும் வெந்நீரும் ஊற்றிக் கழுவினேன். அப்போதும் 2.8. நகர்ந்து நகர்ந்து போனால் பேட்டரித் தட்டுக்குக் கீழே, கேபிள் பாடியில் சேரும் போல்ட். இன்ஜினுக்குப் போகும் கேபிளும் அதே போல்ட்டில்தான். கழற்றினால், கேபிள் முனைக்கு அடியில் வெள்ளிக் கலர் பெயின்ட். போன ஐப்பசியில் ஒரு கன்றுக்குட்டி குறுக்கே வந்து முன்பக்கம் டிங்கர் வேலை பார்த்தது நினைவுக்கு வந்தது. பெயின்ட் அடித்துவிட்டு அதன் மேலேயே போல்ட்டை முறுக்கியிருக்கிறார்கள். மரையில் மட்டும் ஏதோ கொஞ்சம் தொட்டுக்கொண்டு இத்தனை மாதம் ஓட்டியிருக்கிறேன். அதுவும் கையாலேயே சுற்றுகிற அளவுக்கு லூசாக இருந்தது.

உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு முறுக்கி, மேலே வாஸ்லின் தடவினேன். இப்போது 0.2. செலவு உப்புத்தாளும் வாஷரும் சேர்த்து 35 ரூபாய். நேற்று அதே இறக்கத்தில் பகலில் போய் அதே பட்டைக் கோடுகளில் இரண்டு முறை ஏற்றிப் பார்த்தேன். பாட்டு நிற்கவில்லை.

லோடு வண்டி, பாலக்கோடு:

சரி தம்பி, முக்கோணம் வாங்கிவிட்டாயா?

மாந்தோப்புக்காரன்:

வாங்கத்தான் கிளம்பினேன் அண்ணா. டிக்கியைக் கிளறினால் ஸ்டெப்னிக்கு அடியில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. வண்டியோடு வந்தது போல. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.