வி.சி. (ஸ்டார்ட்அப்பில் பணம் போடும் முதலீட்டாளர்) சந்திப்புக்குத் தயாராவது: டெக்கைவிட (ஸ்லைடுகளைவிட) கணக்குதான் முக்கியம்

ஸ்லைடை அழகுபடுத்தும் நேரத்தில் பாதியை கேப் டேபிளுக்கு (யாரிடம் எவ்வளவு பங்கு என்ற பட்டியல்) கொடுங்கள். முதல் சந்திப்பில் கேட்காவிட்டாலும் இரண்டாவதில் கேட்டுவிடுவார்கள். நிறுவனர்களுக்கு வெஸ்டிங் உண்டா (பங்கு காலப்போக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வது; வழக்கமாக 4 ஆண்டு; முதல் ஆண்டு முடியும்வரை ஒரு பங்கும் சேராது), பாதியில் விலகியவரிடம் பங்கு தங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். வேலையே செய்யாத ஒருவரிடம் 20% கிடந்தால், முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள் என்பதுதான் பதில். ஃப்ரீலான்ஸர் எழுதிய மென்பொருள் கோடின் உரிமை எழுத்துமூலம் கம்பெனி பெயருக்கு வந்திருக்கிறதா என்பதையும் இதோடு பார்த்துவிடுங்கள்.

---

மேலே சொன்னதில் ஆப்ஷன் பூலை (ஊழியர்களுக்கென ஒதுக்கும் பங்கு) விட்டுவிட்டீர்களே! ப்ரீ-மணி (முதலீட்டுக்கு முன் கம்பெனியின் மதிப்பு) 8 கோடி, முதலீடு 2 கோடி என்றால் 20% போகும், 80% நமக்கு என்று எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் டேர்ம் ஷீட்டில் (முதலீட்டு நிபந்தனைகளைச் சொல்லும் தாள்), முதலீட்டுக்குப் பிறகு 10% பூல் இருக்க வேண்டும், அது ப்ரீ-மணிக்குள் அடக்கம் என்று ஒரு வரி இருக்கும். பூல் இதுவரை இல்லையென்றால், கையில் மிஞ்சுவது 70%. அதாவது பழைய பங்குகளின் மதிப்பு 7 கோடிதான். இதில் பேரம் பேச ஒரே ஆயுதம் ஆள்சேர்ப்புப் பட்டியல்: அடுத்த 18 மாதத்தில் யார் யார், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு பங்கு. கூட்டினால் 6% வருகிறதா, 6% மட்டும் பேசுங்கள்.

சேஃப் (இப்போது பணம், அடுத்த ரவுண்டில் பங்கு என்ற ஒப்பந்தம்; ரவுண்டு என்பது முதலீடு திரட்டும் சுற்று) போட்டிருந்தால் எந்த வடிவம் என்று பார்க்கவும். ஒய் காம்பினேட்டர் (அமெரிக்க ஸ்டார்ட்அப் முதலீட்டு நிறுவனம்) 2013இல் வெளியிட்டது ப்ரீ-மணி, 2018இல் வந்தது போஸ்ட்-மணி (சேஃப் பணத்தையும் சேர்த்த மதிப்பு). இரண்டாவதில் 5 கோடி கேப்பில் (மதிப்பின் உச்சவரம்பு) 50 லட்சம் வாங்கினால் புதிய ரவுண்டுக்கு முன் 10% போய்விட்டது. மேலும் மேலும் சேஃப் போட்டால் முந்தைய சேஃப்காரர் பங்கு அதனால் குறையாது. டைல்யூஷன் (பங்கு விகிதம் குறைவது) முழுக்க நிறுவனர் தலையில்தான்.

---

வருமான ஸ்லைடில் ஒரு தடவை வாங்கிய செட்டப் கட்டணத்தையும் பைலட் (சோதனை முயற்சி) பணத்தையும் எம்.ஆர்.ஆரில் (மாதாமாதம் தொடர்ந்து வரும் வருமானம்) சேர்க்காதீர்கள். டியூ டிலிஜென்ஸில் (முதலீட்டுக்கு முன் நடக்கும் சரிபார்ப்பு) இன்வாய்ஸையும் வங்கி ஸ்டேட்மெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது பிடிபடும். அதன்பின் சரியான எண்ணையும் நம்பமாட்டார்கள். இதுவரை சேர்ந்த மொத்தப் பயனர் வரைபடமும் வீண், அது எந்தக் கம்பெனிக்கும் இறங்காது. சேர்ந்த மாதவாரியாகப் பிரித்து, 3ஆம் மாதம், 6ஆம் மாதம் எத்தனை பேர் நின்றார்கள் என்று காட்டுங்கள். சி.ஏ.சி.யில் (ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க ஆகும் செலவு) விளம்பரச் செலவோடு சேல்ஸ் ஆட்களின் சம்பளமும் வரவேண்டும்.

---

தொகை: 18 முதல் 24 மாதச் செலவுக்குக் கேட்பது வழக்கம். அந்தக் காலத்தில் எந்த எண்ணை எட்டினால் அடுத்த ரவுண்டு கிடைக்கும் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். கையிருப்பு 6 மாதத்துக்குக் கீழே போனபின் தொடங்கினால் பேரத்தில் பலம் இருக்காது.

முதல் சந்திப்புக்கு முன்பே என்.டி.ஏ. (ரகசியக் காப்பு ஒப்பந்தம்) அனுப்பாதீர்கள், பெரும்பாலான வி.சி.கள் கையெழுத்திடுவதில்லை. ரகசியமானதை டெக்கில் வைக்காமல் விட்டாலே போதும்.