இடத்தியல் (topology, வெட்டாமல் ஒட்டாமல் இழுத்து வளைத்தாலும் வடிவத்தில் மாறாததைப் பார்க்கிற கணிதம்) ஆராய்ச்சியாளர் யாரையாவது நேரில் பார்த்ததுண்டா?

காரைக்குடிக்காரன்:
கானாடுகாத்தான் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் பெரியப்பா, இயற்கணித இடத்தியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். என்ன ஆராய்ச்சி அண்ணே என்று கேட்டதுதான், பந்தலில் மிச்சமிருந்த கயிற்றை எடுத்து வளவு முற்றத்தைச் சுற்றிப் போட்டு முடிந்தார். "தரையை விட்டுத் தூக்காம, முற்றத்துக்குள்ள இறக்காம, இழுத்து ஒரு புள்ளியாக்கு பார்ப்போம்." முடியாது. அப்புறம் இரண்டாங்கட்டு முற்றத்தையும் சேர்த்தார். இதை முதலில் சுற்றி அதை அடுத்துச் சுற்றுவதும், மாற்றிச் சுற்றுவதும் அடிப்படைக் குலத்தில் (fundamental group, சுற்றுகளை வரிசையோடு சேர்த்துப் பார்க்கிற கணக்கு) வேறுவேறு. எந்த ஓட்டையை எத்தனை தடவை சுற்றினோம் என்று மட்டும் எண்ணுகிற ஹோமாலஜியில் இரண்டும் ஒன்றுதான். 1895-ல் பிரெஞ்சுக் கணிதர் புவான்கரே போட்ட பாதையாம். அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். வரிசையை விட்டுவிடுகிற கணக்கு எதற்கு என்று கேட்காமலே வந்துவிட்டேன்.

தேவகோட்டையான்:
தூணை விட்டுவிட்டாரே! முற்றத்து விளிம்பிலிருந்து தள்ளி நிற்கிற ஒவ்வொரு தூணும் தனி ஓட்டைதான், அதைச் சுற்றின கயிறும் சுருங்காது. சரி, என் கதை. பல்லவன் ரயிலில் எதிர் சீட்டில் ஒரு பெண், இதே துறையில் முனைவர் பட்டம் முடித்து போஸ்ட்டாக்கில் (பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆராய்ச்சி வேலை) இருப்பவர். திருச்சியிலிருந்து நோட்டு முழுக்க அம்புக்குறிப் படங்கள். விழுப்புரம் தாண்டியதும் பக்கத்தையே குறுக்கே அடித்தார். என்னம்மா என்றேன். "ஒரு அம்பு எதிர்ப்பக்கம் போகணும் அண்ணே, போன வருஷத்துலேர்ந்து தப்பாவே போட்டிருக்கேன்." ஒரு வருஷ உழைப்பு போச்சு, முகத்தில் அப்படியொரு சந்தோஷம்!

கோட்டையூர் வாத்தியார்:
காரைக்குடிக்காரருக்கு: வரிசையை விட்டுக்கொடுப்பதால்தான் ஹோமாலஜியை அணிகளை (matrix) வைத்துக் கணக்குப் போட்டு முடிக்க முடிகிறது. அடிப்படைக் குலம் கைக்கு வந்தாலும், இரண்டு குலங்கள் ஒன்றுதானா என்று எப்போதும் சொல்லிவிடுகிற பொது வழிமுறை கிடையாது, 1950-களிலேயே நிரூபித்துவிட்டார்கள். தேவகோட்டையாரே, தூண் கணக்கு சரி, ஆனால் பேராசிரியர் காட்ட வந்தது எதை முதலில் சுற்றுவது என்கிற வரிசையை.

எங்கள் ஊர் அழகப்பச் செட்டியார் 1950-ல் சென்னையில் தொடங்கிய ராமானுஜன் நிறுவனத்தில் ஒரு சொற்பொழிவு கேட்டேன். பேசியவர் பாதியில் நிறுத்தி முன்வரிசை மாணவியிடம், "புரிஞ்சுதா, எனக்காகத் தலையாட்டுறீங்களா?" என்றார். புரியலை என்றாள். பலகையை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

பிள்ளைகளை இந்தப் பக்கம் அனுப்ப நினைக்கிறவர்கள் கவனிக்க. பி.எஸ்சி.யிலேயே குலக் கோட்பாடும் நேரியல் இயற்கணிதமும் கைப்பழக்கமாகிவிட வேண்டும், மனப்பாடம் உதவாது. தரமணி கணித அறிவியல் நிறுவனம், சிறுசேரி சிஎம்ஐ (சென்னை கணிதவியல் நிறுவனம்), மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் மூன்றுக்கும் நுழைவுத் தேர்வுகளை இப்போதே பார்த்து வையுங்கள். முனைவர் பட்டத்துக்கே ஐந்தாறு வருஷம் ஆகும், அப்புறம் ஊர் ஊராக போஸ்ட்டாக், நிரந்தர வேலை பெரும்பாலும் முப்பது தாண்டித்தான். அதுவரை வீட்டில் கல்யாணப் பேச்சை எடுத்து நெருக்காதீர்கள், குறிப்பாகப் பெண்பிள்ளைகளை.