பாலிஹவுஸ் தக்காளி: மல்ச்சிங் ஷீட்டை எடுத்துவிடலாமா?

ராயக்கோட்டை பக்கம், 10 சென்ட் பாலிஹவுஸ் (பிளாஸ்டிக் கூரைக் குடில்), செம்மண். மேட்டுப்பாத்தி 3 அடி அகலம், 1 அடி உயரம். இரட்டை வரிசை, செடிக்குச் செடி 45 செ.மீ. அடியில் இரண்டு ஓட்டம் இன்லைன் டிரிப் (சொட்டுநீர்க் குழாய்), மேலே பாத்தியை மூடும் 30 மைக்ரான் பிளாஸ்டிக் மல்ச்சிங் ஷீட், வெள்ளிப் பக்கம் மேலாக.

நட்டு 12 நாள். வரிசைக்கு நாலைந்து செடி சாய்கிறது. ஷீட் விளிம்பு படும் இடத்தில் மட்டும் தண்டு பழுப்பாகி, நூல் கட்டி இறுக்கியதுபோல் சுருங்கியிருக்கிறது. வேர் வெள்ளையாகவே இருக்கிறது. செடிக்காக ஷீட்டில் போட்ட துளை 2 அங்குலம்தான். மதியம் அடியில் சூடேறும் காற்று அது வழியாக, தண்டை உரசிக்கொண்டுதான் வெளியேறுகிறது. எனவே சூடு என்றுதான் தோன்றுகிறது. ஆனால் ரைசோக்டோனியா பூஞ்சையும் இப்படிக் காய்ந்த சுருக்கமாகவே காட்டும், அதுதான் குழப்பம்.

இப்போதைக்குத் துளையை 4 அங்குலமாக வெட்டி, விளிம்பில் ஒரு கை மண் போட்டு அடைத்தாயிற்று.

பாலிஹவுஸில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: இந்த இரண்டையும் கண்ணால் எப்படிப் பிரிக்கிறீர்கள்? ஷீட்டை எடுத்துவிட்டு 3 அங்குலம் வைக்கோல் பரப்பினால், மூடிய குடிலில் ஈரம் கூடி இலைக்கருகல் வருமா?

வைக்கோலுக்குப் பதிலாகப் பரப்ப நிலக்கடலைத் தோல் இங்கே மலிவு, ஆனால் கடலையின் தண்டழுகல் பூஞ்சை தக்காளியையும் தாக்கும். கடுகு போன்ற அதன் உருண்டைகள் தோலோடு வந்துவிட்டால் பாத்தியை விட்டுப் போகாது. அதனால் அது வேண்டாம். வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள்.