தாதியர் (நர்சிங்) படிக்கும் தங்கைக்கு ஆங்கிலத்தில் கைகொடுக்க யாராவது இருக்கிறீர்களா?

அண்ணன், அக்கா எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் மலேசியாவில் ஈப்போ பக்கம் சுங்கை சிப்புட். தங்கை தாதியர் டிப்ளோமா முதலாண்டு. தமிழ்ப்பள்ளி, அப்புறம் மலாய் மொழியில் இடைநிலைப்பள்ளி என்று வந்தவள், இப்போதுதான் முழுக்க ஆங்கிலத்தில் படிக்கிறாள்.

உடற்கூறு பெயர்களில் பயமில்லை (லத்தீன், கிரேக்கம்தானே, எல்லாருக்கும் புதுசு). சாதாரண ஆங்கிலம்தான் சிக்கல். நாலைந்து வரிக்கு ஒரு நோயாளியின் கதையைச் சொல்லி, கடைசியில் தாதி முதலில் எதைச் செய்ய வேண்டும் என்று கேட்டால் நாலு விடையும் சரியாகவே தெரிகிறதாம். முதலில் எதைக் கவனிப்பது என்பதற்கான மூச்சுப்பாதை, சுவாசம், இரத்த ஓட்டம் என்ற வரிசை நன்றாகத் தெரிந்தும், கேள்வியை மனசுக்குள் மலாய்க்கு மாற்றி முடிப்பதற்குள் நேரம் ஓடிவிடுகிறது.

வார்டில் இன்னும் மோசம். தோட்டத்துப் பாட்டிகளிடம் அவ்வளவு நன்றாகப் பேசுகிறவள், ஷிப்ட் மாறும்போது ரிப்போர்ட் கொடுக்கச் சொன்னால் வாயடைத்துப் போகிறாள். எஸ்பார் (SBAR) என்ற ரிப்போர்ட் முறைப்படி நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்று எழுதி வைத்துப் படித்துவிடுவாள், குறுக்கே ஒரு கேள்வி வந்தால் போச்சு. ஒரு பயிற்றுநர் எல்லார் முன்னாலும் சிரித்ததிலிருந்து புரியாவிட்டாலும் தலையாட்டிவிடுகிறாளாம். எனக்கு அதுதான் பயம், மருந்தளவு விஷயத்தில் தலையாட்டினால் என்னாவது?

பொதுவான ஆங்கில டியூஷன் வேண்டாம், கிராமர் ஓரளவு வரும். ஈப்போ பக்கம் வேலை செய்யும் தாதியர் யாராவது வாரம் ஒரு மாலை வாட்ஸ்அப்பில் அழைத்து, அவளை ரிப்போர்ட் கொடுக்க வைத்து, குறுக்குக் கேள்வி கேட்டுப் பழக்க முடியுமா? கட்டணம் என்றாலும் சரி. தாதியர் வாரியத் தேர்வுக்கு நல்ல பயிற்சிப் புத்தகம் தெரிந்தவர்களும் சொல்லுங்கள். கீழே எழுதினாலும் போதும், பிஎம் பண்ணினாலும் சரி.